முன்பக்கம்

இராக்கம்மாவுக்கு வயிறு எரிந்தது.

அவள் புருஷன் செத்ததை விசாரிக்கப் பதுளையிலிருந்து குதிரையேறி மடுல்சீமைத் தோட்டத்துக்கு வந்த துரை, பங்களாச் சுவரில் மாட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

படத்தில் ஒருவன் குளிக்கிற தொட்டியிலேயே செத்துக் கிடந்தான்.

தோட்டத்துரையும் விசாரணைக்கு வந்த துரையும் கூடப் படித்த சிநேகிதர்களாம். சுருட்டும் சிரிப்புமாகப் பேச்சு நீண்டது. அந்த இங்கிலீஷ் பேச்சைக் கிளாக்கர் வைரவநாதன் தமிழில் அவள் காதோடு சொன்னார்.

பிரான்சு தேசத்தில் ராஜா தலையை வெட்டிய வருஷமாம். வெட்டலாம் என்று சம்மதம் சொன்னவர்களில் இந்தப் படம் எழுதியவனும் ஒருத்தனாம். தொட்டியில் கிடப்பவன் அவன் கூட்டாளி. ஒருத்தி கத்தியால் குத்திவிட்டாள். செத்தவனுக்கு உடம்பெல்லாம் சொறிபுண். கூட்டாளி ஆயிற்றே, ஒரு புண்ணைக்கூட எழுதாமல் விட்டானாம். பிறகு புதுசாக ஒரு சக்கரவர்த்தி வந்ததும், அவருக்குப் படம் எழுதப் போய்விட்டானாம்.

"வெட்டச் சொன்னவனும் அவந்தான், கும்புடப் போனவனும் அவந்தானா?" என்றாள் இராக்கம்மா.

கிளாக்கர் உதட்டில் விரலை வைத்தார்.

கூலி லயத்தில் அவள் புருஷன் அழகையா பிணமாகக் கிடந்தான். முந்தாநாள் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டக் குனிந்திருந்தவனைத் தோட்டத்துரை பூட்ஸ் காலால் முதுகில் உதைத்தார். நேற்று முழுக்க இரத்தமாகவே சிறுநீர் போனது. விடியுமுன் உயிரும் போனது.

காய்ச்சல் என்று சொல்லும்படி பெரிய கங்காணி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பங்களாவுக்கு வருமுன் விசாரணைத் துரை ஆட்களை வெளியே நிறுத்திவிட்டு லயத்து அறைக்குள் போனவர், ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரத்தில் திரும்பிவிட்டார். நெற்றித் திருநீற்றைப் பார்த்ததே போதும் என்று வந்துவிட்டார் போல.

இப்போது அவர் காகிதமும் எழுதி முடித்தார். காய்ச்சல் என்று இருக்கிறதாம். கைநாட்டு வைக்கக் கிளாக்கர் கூப்பிட்டார்.

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"படம் எழுதுனவன் முன்பக்கந்தானே எழுதுனான். எம் புருசனுக்குக் காயம் முதுகுல இருக்குங்கய்யா. புரட்டிப் பாக்கச் சொல்லுங்க."

கிளாக்கர் தோட்டத்துரையின் முகத்தைப் பார்த்தார். எதை இங்கிலீஷில் சொல்வது, எதை விடுவது என்று அவர் தவிக்கையில், விசாரணைத் துரை மைக்கூட்டை மூடினார். முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்தார்.

"புரட்டிப் பார்த்தேன்" என்றார், நல்ல தமிழில்.