மேல் மூலையில் மாதா

ஒர்தென்சியா சாரத்தின் உச்சியில் நின்று சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

நேப்பிள்ஸின் அந்தப் பழைய தேவாலயத்தில், பல தலைமுறைகளுக்கு முன், கொள்ளைநோய்க் காலத்தில் பூசிய சுண்ணாம்பு அது. அதற்கடியில் ஓர் ஓவியம் வெளிப்பட்டிருந்தது. சாரத்திலிருந்து விழும் ஒரு பெண். சிவப்புத் தலைத்துணி, முகவாயில் மச்சம். அச்சு அசல் அவளேதான்.

“உன் மூக்கைக்கூட விட்டு வைக்கலையே,” கீழிருந்து கணவன் கஸ்பாரே சிரித்தான். “இறங்கி வாடி, காபி ஆறுது.”

“இன்னிக்கு இறங்கினாலும் நாளைக்கு ஏறித்தானே ஆகணும்? மாதா இருக்காளான்னு பாத்துடறேன், இருப்பா.”

உயிர் தப்பியவர்கள் வைக்கும் நேர்ச்சை ஓவியங்களில், காப்பாற்றிய மாதா மேல் மூலையில், மேகத்தின் மீது இருப்பாள்.

நீல முக்காடு தெரிந்தது. பிறகு ஒரு கை. அது, விழுகிறவளின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது.

“இருக்கா. நான் பொழச்சுக்குவேன்.”

“அப்ப நானும் வந்து ஒரு கும்பிடு போட்டுடறேன்.”

கஸ்பாரே ஏறி வந்து அவளருகில் நின்றான். பலகை முனகியது.

ஒர்தென்சியா சிரித்தபடியே ஓவியத்தின் அடியில் மிச்சமிருந்த சுண்ணாம்பைத் துடைத்தாள். தரையில் ஒருவன் குப்புறக் கிடந்தான். நீண்டு கிடந்த வலது கையில் சுண்டுவிரல் இல்லை.

அவள் மெல்லத் திரும்பினாள். கஸ்பாரே வலது கையால் சாரக் கம்பைப் பிடித்திருந்தான், இருக்கிற நாலு விரல்களால்.