திரை முழுக்கப் பச்சை

சரவணம்பட்டி அலுவலகத்தில், சரிபார்க்க வந்த பிரத்யுஷா பவனின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள். சூலூர்த் தறிகளுக்கான கட்டளைகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிரல் அவன் எழுதியது. கறுப்புத் திரையில், நிரலின் விடைகளைச் சரியான விடைகளோடு ஒப்பிடும் சோதனைக் கருவி பதினான்கு பிழைகளைச் சிவப்பாகக் காட்டுகிறது. முட்டை பப்ஸை மென்றபடியே பவன் ஒரு வரியைத் தட்டுகிறான். நிரல் சொன்ன தப்பான விடைகளையே சரியான விடைகளாகக் கருவி எழுதிக்கொள்கிறது. திரை முழுக்கப் பச்சை. "பாத்தீங்களா அம்மணி, ஒரே நிமிசத்துல சரி பண்ணிப்போட்டேன். அப்ரூவ் பண்ணுங்க, நாளைக்குத் தறியில ஏத்திரலாம்." "புரோகிராமைத் தொடவே இல்லீங்களே. விடையைத்தானுங்க மாத்திப்போட்டீங்க," என்கிறாள். "பச்சை வந்துருச்சில்லீங்க?" பவன் திரையைத் தொட்டுக் காட்டுகிறான். எண்ணெய் விரல் பட்ட இடம் சன்னல் வெயிலில் மினுங்குகிறது. அவள் தன் இருக்கைக்குப் போய் மறுப்புப் பொத்தானை அழுத்துகிறாள். காரணம் கேட்கும் கட்டத்தில் பவனின் பெயரை மட்டும் எழுதுகிறாள்.