காகிதப்பூ பூத்த சுவர்

மேடம் காகிதப்பூவைத் தொட்டுப் பார்த்துச் சிரித்த பிறகுதான் லிங்கசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மேடத்தின் பெயர் வேல்விழி. சாயப்பட்டறைகளைச் சோதிக்க வந்த அதிகாரி. கழிவுத் தண்ணீரை ஓடையில் விட்டதற்காகப் போன வாரம்தான் பக்கத்துப் பட்டறைக்கு சீல் வைத்துவிட்டுப் போயிருந்தார். இன்றைக்கு லிங்கசாமியின் முறை. பட்டறையை மூடினால் கைவசம் இருக்கிற ஆர்டரெல்லாம் அம்போதான்.

"சாயத் தண்ணிய என்ன பண்றீங்க சார்?"

"மிஷின்ல சுத்தம் பண்ணி இந்தக் கொடிக்கே உட்டர்றமுங்க மேடம். ஒரு சொட்டு வெளிய போகாதுங்க."

"அவ்வளவுமா?"

"பூராவுமுங்க. மாரப்பா, சொல்லப்பா!"

"ஆமாங்க மேடம். உட உடக் குடிச்சுக்கிட்டே இருக்குமுங்க," என்றார் மேனேஜர் மாரப்பன், வாய் கூசாமல்.

காம்பவுண்டுச் சுவர் நெடுகக் கொடி படர்ந்திருந்தது. இலையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படியொரு ராணிக் கலர். நடுவில் 'பசுமையே எங்கள் மூச்சு' என்று ஒரு போர்டு. அதில் பெயிண்ட் இன்னும் காயவில்லை.

வேல்விழி சுவரோரமாகவே கடைசி வரைக்கும் நடந்து போய் வந்தார். செருப்பில் ஒட்டிய புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"நான் பார்த்த பட்டறையிலேயே இதுதான் சார் கண்ணுக்குக் குளிர்ச்சி," என்று பைலை மூடினார். லிங்கசாமி அந்த நிமிடமே குலதெய்வத்துக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டார்.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்த மேடம், ஏதோ நினைவு வந்தவராகத் தலையை நீட்டினார். "சார், எங்க வீட்லயும் இதே கொடி வச்சிருக்கேன். ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துறேன். இலையா வருதே தவிர பூவைக் காணோம். நீங்க உரம் ஏதும் போடுறீங்களா?"

லிங்கசாமியிடம் கடன் கேட்டு வந்தாலும் நன்கொடை கேட்டு வந்தாலும், வந்த வழியே அனுப்பிவிடுவார். செடியைப் பற்றிக் கேட்டால் மட்டும் மனுஷனுக்குக் கால் தரையில் நிற்காது. மலர்க் கண்காட்சியில் கோப்பை வாங்கியவர். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு, பாயசம் வருவதற்குள் எழுந்து ஓடியவர்கள் ஏராளம்.

"அட, அங்கதானுங்க எல்லாருமே தப்புப் பண்றாங்க!" என்றார். "வெயில் நல்லாப் படோணும். பூ உதுந்ததும் நுனியக் கத்திரிச்சு உட்டரோணும். உரமெல்லாம் எதுக்குங்க?"

மாரப்பன் இருமினார்.

"முக்கியமா, தண்ணியே காட்டக் கூடாதுங்க. தண்ணியக் கண்டா எலையாத்தான் தள்ளும். வேர் காயோணும். செத்துப் போயிருவமோன்னு பயந்தாத்தான் அது பூக்கும்."

மாரப்பன் இன்னும் பலமாக இருமினார்.

"போயித் தண்ணி குடியப்பா!" என்று அவர்மேல் எரிந்து விழுந்துவிட்டு, லிங்கசாமி மேடம் பக்கம் திரும்பி நெஞ்சை நிமிர்த்தினார். "இதுக்கு ரெண்டு மாசமா ஒரு சொட்டு உட்டதில்லீங்க. அப்பறம் ஏனுங்க பூக்காது?"

வேல்விழி ஜீப்பிலிருந்து இறங்கினார். மூடிய பைலைத் திறந்தார்.

"அப்ப அவ்வளவு தண்ணியும் எங்க சார் போகுது?"