சுவர் வைத்த பட்டறை

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் மறுபடியும் கிளம்பியது.

ஈ.எஸ்.ஐ. இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, யார் அது என்று கேட்டார்.

"அது வேற கம்பெனிங்க சார்" என்றார் முதலாளி அடைக்கலம், கொஞ்சமும் கூசாமல்.

வார்ப்பு அச்சுக்கு மண் சலித்துக்கொண்டிருந்த வள்ளிக்கண்ணு சல்லடையை ஓங்கித் தட்டினாள்.

வேற கம்பெனியாம். போன மாதம்வரைக்கும் இது அரியமங்கலத்தில் இரும்பை உருக்கி வார்க்கிற, நடுவில் சுவரில்லாத ஒரே பட்டறை. கைலாசபுரம் பக்கம் பெரிய ஆலை வந்து ஆர்டர் குவிந்ததும் ஆள் இருபதைத் தாண்டியது. இருபது பேர் சேர்ந்தால் முதலாளி ஈ.எஸ்.ஐ. கட்டியாக வேண்டும். கட்டினால் கூலிக்காரனுக்கு டாக்டர் உண்டு, மருந்து உண்டு, நோயில் படுத்துக் கிடக்கிற நாளுக்குப் பாதிச் சம்பளமும் உண்டு.

சின்ன முதலாளிகளுக்கு வரியில் ஏதாவது விட்டுக்கொடுத்தால் தானே முன்னால் வந்து கட்டுவதாக அடைக்கலம் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நியாயம் பேசினார். நியாயம்தான், யார் இல்லை என்றது? சர்க்கார் சின்னத் தொழில்காரன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

ஆனால் அதே வாயால் கொத்தனாரைக் கூப்பிட்டார். பட்டறைக்கு நடுவே சுவர் எழுப்பி, சாணை பிடிக்கிற பாதியை மச்சினன் பெயருக்கு மாற்றினார். இனி எந்தப் பக்கம் எண்ணினாலும் இருபது தேறாது.

சாணையில் இரும்புத் தூசியைக் குடித்துக் குடித்து அவள் புருஷனுக்கு நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. வேலையை விட்டுவிட்டுப் படுத்தால்தான் பிழைப்பான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். படுத்தால் சோறு ஏது? நின்றுகொண்டேதான் இருமினான்.

அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர். மச்சினன் சாவியை எடுத்துக்கொண்டு லால்குடிக்குப் போய்விட்டதாக அடைக்கலம் கைவிரித்தார். உள்ளே ஆள் வேலை செய்யும்போதே வெளியே பூட்டு. மாட்டைக்கூட இப்படி அடைக்க மாட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். பூச்சில் ஈரம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அவர் கூலியாட்கள் பக்கம் திரும்பினார்.

"அங்க இருக்கிறவங்கள்ல இவர்கிட்ட சம்பளம் வாங்குறவர் ஒருத்தர் பேரைச் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

ஒரே தூக்குச்சட்டியில் அவள் புருஷனோடு பங்கு போட்டுச் சாப்பிட்டவர்களுக்குத் தரையில் என்னவோ பார்க்க இருந்தது. முதலாளியைவிட அவர்கள்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

சல்லடையைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

அடைக்கலம் சிரித்தேவிட்டார். அது கட்டுப்பெட்டி சார், புருஷன் பேரைச் சொல்லாது என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. ரேஷன் கார்டுக்குப் பெயர் கேட்டபோதுகூடப் பக்கத்தில் நின்றவளைத்தான் சொல்லவைத்தாள். பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் அவளை வளர்த்திருந்தார்கள். அவள் அதை நம்பினாள். இப்போதும் நம்பினாள். வேறொருத்தன் பெயரைச் சொல்லி அவன் பிழைப்பைக் கெடுக்கவும் மனசு வரவில்லை.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வீரமலை" என்றாள், பட்டறை முழுக்கக் கேட்கும்படி. "பேரு வீரமலைங்க. இந்த ஐயாகிட்டத்தான் சம்பளம் வாங்குறாரு."

அந்தப் பக்கம் சாணை நின்றது.

"யாருங்க என்னையக் கூப்பிட்டது?" என்று கேட்டான் அவள் புருஷன்.