கிறவல் பாதை

தார் ரோட்டு முடிந்து கிறவல் கல் பாதை தொடங்கிய இடத்தில் ஞானரட்ணம் சைக்கிளிலிருந்து இறங்கினார்.

முன்னால் போய்க்கொண்டிருந்த ராஜி காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து இதே கதைதான்.

பதின்மூன்று வயது அவளுக்கு. லைப்ரரியில் எடுத்த சைக்கிள் புத்தகத்திலிருந்து இந்தப் பாதையை அவள்தான் தெரிந்தெடுத்தாள். லண்டன் பிளேஸ்டோவில் ஏறி, விக்டோரியாவில் மாறி, இரண்டு சைக்கிள்களையும் ரெயில் கதவோரம் பிடித்துக்கொண்டு நின்றபடியே டோர்க்கிங் வரை வந்திருந்தார்கள். தனியே விடமாட்டேன் என்று சொல்லிக் கூட வந்தவர் அப்பா. வந்து இப்படி நடப்பார் என்று அவள் நினைக்கவில்லை.

தார் ரோட்டில் அவர் அவளையே முந்தினார். ஏற்றத்தில்கூட சீட்டை விட்டு எழும்பாமல் உழக்கினார். கல்லைக் கண்டால் மட்டும் இறங்கி, ஹாண்டிலைப் பிடித்து உருட்டத் தொடங்கிவிடுவார்.

"அப்பாக்குப் பயமோ?"

"பயம்தான்," என்றார்.

அவள் சிரித்தாள். பகிடி என்று நினைத்திருக்க வேண்டும். பிறேக்கை விட்டு இறக்கத்தில் பாய்ந்தாள்.

இரண்டு பக்கமும் பச்சை மேடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து பள்ளத்துக்கு இறங்கின. வேலிக்கு அப்பால் நின்ற செம்மறிகள் தலையை நிமிர்த்தின. அவளுடைய சைக்கிள் சில்லுக்குக் கீழே கல் நொறுங்கும் சத்தம் தூரப் போய்க்கொண்டே இருந்தது.

வளைவில் அது சட்டென்று நின்றது.

அவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார்.

ராஜி பாதையோரம் இருந்தாள். முழங்காலுக்குக் கீழே சதை பிளந்து, சொக்ஸ் வரைக்கும் இரத்தம். முன் சில்லு நெளிந்து கிடந்தது. அவள் அழவில்லை. உதடு மட்டும் வெளிறியிருந்தது.

அவர் போட்டிருந்த சேட்டைக் கழற்றிக் காயத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். இந்த வேலை அவர் கைக்குப் பழக்கம் என்பதுபோல இருந்தது.

மேலேயும் கீழேயும் ஒரு மனிதரும் இல்லை. பள்ளத்தில், மரங்களுக்கு நடுவே, ஒரு தேவாலயமும் சில வீடுகளும் தெரிந்தன.

அவர் திரும்ப ஏறிப் போய்த் தன் சைக்கிளை எடுத்து வந்தார். பாண் சுடும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வரும் பழைய சைக்கிள். பின்னால் கரியர் இருந்தது. அவளைத் தூக்கி அதில் இருத்தினார்.

"ஏறி ஓடுங்கோ அப்பா. அஞ்சு நிமிசத்திலை கீழை போயிடலாம்."

அவர் ஏறவில்லை. ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்தார். மறு கையை அவள் முதுகில் வைத்தார். அடிமேல் அடி வைத்து இறங்கத் தொடங்கினார்.

"அப்பா, ப்ளீஸ். ஓடுங்கோ."

சேட்டைத் தாண்டி இரத்தம் சொட்டத் தொடங்கியிருந்தது. ஏறி உழக்கினால் சீக்கிரம் போய்விடலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

"கதைச்சுக்கொண்டு வா," என்றார்.

"என்னத்தை?"

"என்னத்தையாவது. நிப்பாட்டாதை."

அவள் கதைத்தாள். கணக்கு ரீச்சரைப் பற்றி. விம்பிள்டனுக்கு வீடு மாறிப் போகிற சிநேகிதியைப் பற்றி. ஆங்கிலமும் தமிழுமாக, எரிச்சலோடு, வாய்க்கு வந்ததையெல்லாம்.

ஒரு குலுக்கலில் நோவு தாங்காமல் பல்லைக் கடித்தாள். கதை அறுந்தது.

அவர் அந்த இடத்திலேயே நின்றார். திரும்பி அவள் வாயைப் பார்த்தார்.

"ராஜி."

"இருக்கிறன்தானே அப்பா!"

அதற்குப் பிறகுதான் சைக்கிள் நகர்ந்தது.

முதல் வீட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் துவாயோடு ஓடி வந்தாள். அம்புலன்ஸுக்குப் போன் அடித்ததும் அவள்தான். பயப்பட ஒன்றுமில்லை, தையல் போட்டால் சரி என்றார்கள் வந்தவர்கள்.

அம்புலன்ஸுக்குள் படுத்திருந்தபோது ராஜிக்கு அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது.

"ஏன் நீங்கள் ஓடேல்லை? எனக்கு ஏதாவது நடந்திருந்தா?"

அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

அம்மா ஆசுப்பத்திரியில் செத்துப்போனாள் என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்.

எண்பத்தாறாம் ஆண்டு, ஊரில். பெரிய ரோட்டுக்கு மேலே ஹெலிகொப்டர் சுற்றிச் சுற்றிச் சுட்டுக்கொண்டு நின்றது. அவர் கிறவல் ஒழுங்கைகளுக்குள்ளால் ஆசுப்பத்திரிக்கு உழக்கினார். பின் கரியரில் ராஜியின் அம்மா அஞ்சலீனா, விலாவில் ஷெல் துண்டோடு. இருவருக்கும் நடுவில் ஒரு வயது நிரம்பாத ராஜி. விழுந்துவிடாமல் மூவரையும் ஒன்றாகச் சேர்த்துச் சேலையால் கட்டியிருந்தார்.

கிட்டடிதான், வந்திட்டம், கிட்டடிதான் என்று வழி முழுக்க அவர் சொல்லிக்கொண்டே உழக்கினார். ஒவ்வொரு தடவையும் அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து அஞ்சலீனா 'ம்' என்றாள்.

சில்லுக்குக் கீழே கல் நொறுங்கிய சத்தத்தில், அந்த 'ம்' எந்த இடத்தில் நின்றது என்று அவருக்குக் கேட்கவில்லை.