பச்சை நாடா

பி.டி. மாஸ்டர் வாசலில் நின்றால் காற்றுகூட மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்குள் நுழையும் என்பார்கள். யாருக்கும் தயவு தாட்சண்யம் கிடையாது.

அன்று மாட்டியவன் இரட்டையரில் மூத்தவன். கறுப்பு ஷூவில் பச்சை நாடா.

"என்னடா இது?"

"தம்பி பண்ற சேட்டைக்கெல்லாம் எனக்கு அடி விழுது சார். ஆள் அடையாளம் தெரியட்டும்னு அம்மா கோத்துவிட்டாங்க."

"யூனிஃபார்ம் போட்டா எல்லாரும் ஒண்ணுதான். கழட்டு."

கறுப்பு நாடாவைக் கொடுத்து மாட்டவைத்தார். பச்சை நாடா அவருடைய சட்டைப்பைக்குள் போயிற்று.

மாலையில் பள்ளிப் பேருந்து கவிழ்ந்தது. மாஸ்டர் விழுந்தடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இரட்டையரில் ஒருவன் முகம் முழுக்கக் கட்டோடு நினைவில்லாமல் கிடந்தான். பக்கத்துக் கட்டிலில் இன்னொருவனைத் தலைவரை மூடியிருந்தார்கள். முகம் என்று எதுவும் மிஞ்சவில்லை.

"இறந்தது பெரியவனா, சின்னவனாம்மா?" என்று நர்ஸ் மெதுவாகக் கேட்டாள்.

தாய் இரண்டு ஜோடி ஷூக்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு மாஸ்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நம்ம பெரியவனுக்குப் பச்சை நாடா கோத்துத்தானே அனுப்பினேன். ரெண்டுலயும் கறுப்பு இருக்கே. நான் எவன் பேரைச் சொல்லி அழறதுங்க?"