எழுபதாயிரம் கலிமா

தென்காசியில் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு, சாரலில் நனைந்தபடி வடகரை வீட்டுக்கு வந்தார் யாக்கூப் வாத்தியார். மனைவி ஜாஹிரா பீவி சிலேட்டை நீட்டினாள். அவள் மடியில் ஐந்நூறு புளியங்கொட்டைகள் இருந்தன. இறந்தவரின் பாவமன்னிப்புக்காக எழுபதாயிரம் முறை ஓதும் கலிமாவை எண்ணுவதற்கு.

"தினம் ஐந்நூறு ஓதுதேன். எழுபதாயிரமும் என்னைக்கு முடியும்? ஆண்டு ஃபாத்திஹாவுக்கு இன்னும் அஞ்சு மாசம்தான் இருக்கு."

"அடுக்குல போட்டாச் சுளுவா வந்துரும்ட்டி" என்று எழுதிக் காட்டினார். "ஐந்நூறு, 5 × 10². அஞ்சு மாசத்துல பத்து நாளைத் தள்ளிட்டா நூத்திநாப்பது நாளு, 1.4 × 10². முன்னால உள்ளதைப் பெருக்கினா ஏழு. அடுக்கைக் கூட்டினா நாலு. ஆக, 7 × 10⁴. நூத்திநாப்பது நாள்ல எழுபதாயிரமும் முடிஞ்சுரும். எம்புட்டுப் பெரிய எண்ணும் எப்படிச் சுருங்குது பாத்தியா?"

"சிலேட்டுல சுருங்கும். நாக்கு ஒவ்வொண்ணாத்தானே சொல்லணும்?"

அவர் சிரித்தார். "உங்க உம்மா குடுத்து வச்சவங்க. உக்காந்து ஓத மக இருக்கா."

"உம்மாவுக்குப் போன வருசமே ஓதி முடிச்சாச்சு. இது சைதூனுக்கு."

யாக்கூபின் சிரிப்பு நின்றது. சைதூன் பீவி அவருடைய முதல் மனைவி. பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தவள்.

"நீங்க ஓத ஆரம்பிச்சீகளாம். நம்ம நிக்காஹ் வந்ததும் பாதியில விட்டுட்டீகளாம். மாமி சொன்னாக. அவளுக்கு ஓத வேற யாரு இருக்கா?"

யாக்கூப் சிலேட்டை அழித்தார். அவள் மடியிலிருந்து பாதிக் கொட்டைகளை அள்ளித் தம் முன்னே வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து ஓதத் தொடங்கினார்.